நாவலுக்குத் திட்டம் போடுவது எப்படி: எழுதும் வேகம் குறையாமல், படிப்படியாக

நாவல் எழுத உட்காருபவர்கள் பெரும்பாலும் இரண்டு இடங்களில் நின்றுபோகிறார்கள். திட்டமே இல்லாமல் தொடங்கியவர்கள் எட்டாவது அத்தியாயத்தில் வழி தெரியாமல் நிற்கிறார்கள். நாற்பது அத்தியாயத்துக்கும் திட்டம் போட்டவர்கள், எழுத உட்கார்ந்தால் கை ஓடவில்லை என்கிறார்கள். இரண்டாவது வகைதான் அதிகம். எனக்கும் அது நடந்தது. 34 அத்தியாயங்களுக்குக் காட்சி காட்சியாகத் திட்டம் எழுதினேன், வசனம் உட்பட. மூன்றாவது அத்தியாயத்தோடு நாவல் நின்றது. கதையை எனக்கே முழுதாகச் சொல்லி முடித்துவிட்டேன் என்பது அப்புறம்தான் புரிந்தது. எழுதித் தெரிந்துகொள்ள எதுவும் மிச்சமில்லை.

பிறகு வேறு முறையில் இரண்டு நீண்ட கதைகளை முடித்தேன். எங்கள் மாதச் சந்திப்பில் புதிதாக எழுத வருபவர்களோடு இதே படிகளைப் பலமுறை கடந்திருக்கிறேன். அடிப்படை இதுதான்: ஒரு விஷயம் ஏன் நடக்கிறது என்பது திட்டத்தில் இருக்கட்டும். எப்படி நடக்கிறது என்பதை எழுதும் நாளுக்கு விட்டுவிடுங்கள். கீழே உள்ள வரிசையை மாற்றாதீர்கள். ஒவ்வொரு படியும் முந்தைய படியில் கிடைத்ததை வைத்துத்தான் நகர்கிறது.

விளக்கத்துக்கு ஒரு கற்பனைக் கதையை வைத்துக்கொள்வோம். சிங்கப்பூரின் டாங்ளின் ஹால்ட்டில் ஒரு பழைய வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீடு. அதில் 61 வயது சரோஜா. 1979இல் சண்டை போட்டுக்கொண்டு வெளியேறிய அண்ணன் என்றாவது திரும்பி வந்தால் இந்தக் கதவைத்தான் தட்டுவார் என்று நம்புகிறாள். 2014இல், அவள் குடியிருக்கும் பிளாக், பழைய பிளாக்குகளை இடித்துக் குடியிருப்போருக்கு மாற்று வீடு தரும் செர்ஸ் திட்டத்தில் இடிக்கப்படப்போகிறது என்று அறிவிப்பு வருகிறது.

1. தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

ஒரு நோட்டுப்புத்தகம். தபால் அட்டை அளவில் வெற்று அட்டைகள் ஒரு கட்டு; பிராஸ் பசா காம்ப்ளெக்ஸ் பாப்புலரில் கிடைக்கும். கதை நடக்கும் ஆண்டுகளின் நாள்காட்டி, கைப்பேசியில் இருந்தாலும் போதும்.

திட்டம் போடும் கட்டத்தில் கணினி வேண்டாம். திரையில் எழுதும்போது வரிகள் நீண்டுகொண்டே போகும். அட்டையில் இடம் குறைவு என்பதால் தேவையானதை மட்டுமே எழுதுவீர்கள்.

நேரத்தையும் முதலிலேயே கணக்குப் போட்டுவிடுங்கள். 60,000 சொற்கள் கொண்ட நாவலுக்குத் தினம் 500 சொல் என்றால் 120 எழுதும் நாட்கள். வாரத்தில் ஐந்து நாள் எழுதினால் 24 வாரம். ஷிப்ட் வேலையில் இருப்பவர்கள் இதை இரட்டிப்பாக்கிக்கொள்ளலாம், தவறில்லை. கணக்கைத் தெரிந்துகொண்டு தொடங்குபவர் நான்காவது வாரத்தில் பயப்பட மாட்டார்.

2. முதலில் மூன்று காட்சிகள், திட்டம் அப்புறம்

திட்டம் போடுவதற்கு முன்பே மூன்று காட்சிகளை எழுதிவிடுங்கள். ஒவ்வொன்றும் 300, 400 சொல் போதும். வரிசை வேண்டாம், ஒன்றோடொன்று ஒட்டவும் வேண்டாம். எது மனசில் பளிச்சென்று நிற்கிறதோ அதை எழுதுங்கள். ஒரு வாரத்துக்கு மேல் இதற்கு எடுத்துக்கொள்ளாதீர்கள்.

சரோஜாவுக்கு என்றால்: அறிவிப்புக் கடிதம் கிடைத்த மாலை அவள் சமையலறையில் என்ன செய்தாள்? காப்பிக்கடையில் பக்கத்து வீட்டு மலாய் மாதோடு என்ன பேசினாள்? அண்ணன் போன இரவு?

திட்டம் முதலில் வந்துவிட்டால் பாத்திரம் வெறும் காயாகிவிடும். நாம் நகர்த்தும் இடத்துக்கெல்லாம் நகரும். குரலைக் கேட்ட பிறகு அப்படி நகர்த்த முடியாது. 'சரோஜா இப்படிக் கையெழுத்துப் போட மாட்டாள்' என்று உங்களுக்கே தோன்றும். அந்த எதிர்ப்பு உங்களுக்குத் தேவை.

இந்த இடத்தில் நான் அடிக்கடி பார்க்கும் தவறு, பாத்திரத்துக்குப் பத்துப் பக்கத்தில் சாதகம் எழுதுவது. பிடித்த நிறம், படித்த பள்ளி, இரத்த வகை வரை. அதில் தொண்ணூறு சதவிகிதம் கதைக்குள் வராது. அதற்குப் பதில் இரண்டு கேள்விகளுக்கு விடை எழுதுங்கள்: அவள் யாரிடமிருந்து எதை மறைக்கிறாள்? வீட்டில் யாரோடு எந்தப் பேச்சைத் தவிர்க்கிறாள்?

பேச்சுமொழியையும் இப்போதே முடிவு செய்துவிடுங்கள். இங்கே பிறந்து வளர்ந்த சரோஜா 'பசார் போயிட்டு வரேன்', 'தப்பாவ் வாங்கிட்டு வா' (பொட்டலச் சாப்பாடு) என்பாள். மருமகள் தஞ்சாவூரிலிருந்து வந்தவள் என்றால் அவள் வாயில் இந்தச் சொற்கள் வர வருடங்கள் ஆகும். மகன் பாதி வாக்கியத்தை ஆங்கிலத்தில் முடிப்பான். அதை எந்த அளவுக்குத் தமிழில் எழுதுவீர்கள்? இருபதாவது அத்தியாயத்தில் இதை மாற்ற நினைத்தால் முதலிலிருந்து எல்லா வசனத்தையும் தொட வேண்டிவரும்.

3. கதையை ஓட்டும் பத்தி

மூன்று காட்சிகளையும் ஒருமுறை படித்துவிட்டு, ஒரே ஒரு பத்தி எழுதுங்கள். யாருக்கு என்ன வேண்டும், எது தடுக்கிறது, ஏன் இப்போது.

சரோஜாவின் பத்தி இப்படி இருக்கும்: 'அண்ணன் திரும்பி வரும்வரை இந்த வீட்டில் இருக்க வேண்டும் என்பது சரோஜாவின் ஆசை. செர்ஸ் வந்தால் முழு பிளாக்கும் போகும், ஒரு வீட்டுக்கு மட்டும் விலக்கு இல்லை. அண்ணன் அறிந்த வீட்டுத் தொலைபேசி எண் எப்போதோ மாறிவிட்டது. அவர் அறிந்ததில் மிச்சம் இருப்பது முகவரி மட்டும். இப்போது அதற்கும் நாள் குறித்துவிட்டார்கள்.'

பெரும்பாலானவர்கள் 'ஏன் இப்போது' என்பதில் தடுமாறுகிறார்கள். 'ஒரு முதிய பெண்ணின் தனிமை' என்று எழுதிக் கொண்டுவருவார்கள். தனிமை ஒரு நிலை. அது நேற்றும் இருந்தது, நாளையும் இருக்கும். அதை வைத்து ஒரு நல்ல சிறுகதை எழுதலாம். 60,000 சொல்லுக்கு ஒரு கெடு வேண்டும். அந்தக் கெடுவை அவளால் தள்ளிப்போட முடியக்கூடாது.

தங்கமுனை விருதுக்குச் சிறுகதை எழுதிப் பழகியவர்களுக்கு இந்தப் படியில் கூடுதல் நேரம் ஆகும். சிறுகதையில் ஒரு கணத்தைப் பிடித்தால் போதும், கை அதற்கே பழகியிருக்கும். நாவலில் பாத்திரம் திரும்பத் திரும்ப முடிவெடுக்க வேண்டும். ஒவ்வொரு முடிவும் அடுத்த சிக்கலைக் கொண்டுவர வேண்டும். உங்கள் பத்தியைப் படித்துவிட்டு, 'இவள் எத்தனை முறை முடிவெடுக்க வேண்டியிருக்கும்?' என்று கேளுங்கள். ஒன்று, இரண்டு என்றால் உங்கள் கையில் இருப்பது சிறுகதை. அதைச் சிறுகதையாகவே எழுதுங்கள், நன்றாக வரும்.

4. முடிவு: திசை மட்டும்

முடிவு தெரியாமல் கிளம்பினால் நடுவில் அலைய நேரிடும். முடிவுக் காட்சியையே எழுதிவிட்டால் போகும் ஆசை போய்விடும். இரண்டுக்கும் நடுவே ஒரு வழி இருக்கிறது. நடக்கக்கூடிய இரண்டு முடிவுகளை ஒவ்வொன்றும் ஒரு வரியாக எழுதுங்கள்.

சரோஜா சாவியை ஒப்படைத்துவிட்டு மகனோடு டாசனில் உள்ள புது வீட்டுக்குப் போகிறாள். அல்லது, அண்ணன் இறந்து பல வருடம் ஆகிவிட்டது அவளுக்கு முன்பே தெரியும் என்பது வெளிவருகிறது.

இரண்டில் எது என்று முடிவு செய்ய வேண்டாம். இரண்டுமே அவள் அந்த வீட்டின் கதவைக் கடைசியாக மூடும் நாளை நோக்கித்தான் போகின்றன. அந்தத் திசை போதும்.

கடைசி வரியில் ஒரு அதிர்ச்சியை ஒளித்து வைத்து நாவலை முடிக்கும் ஆசை பலருக்கு உண்டு. விட்டுவிடுங்கள். ஆறு மணி நேரம் படித்தவருக்கு ஒரு வரி ஈடாகாது. அந்தச் செய்தியை நாவலின் நடுவில் உடைத்துப் பாருங்கள், பிற்பாதி தானாக நகரத் தொடங்கும். இரண்டாவது முடிவில் இருப்பது அப்படிப்பட்ட செய்திதான்.

5. ஆறு திருப்பங்கள், இணைப்புச் சொல்லோடு

இப்போதுதான் உண்மையான திட்டம் தொடங்குகிறது. தொடக்கத்துக்கும் முடிவுக்கும் நடுவே ஆறு திருப்பங்களை எழுதுங்கள். எட்டு வரை போகலாம், அதற்கு மேல் வேண்டாம். ஒவ்வொன்றும் இரண்டு வரி. வசனம் கிடையாது. ஒவ்வொரு திருப்பமும் 'அதனால்' அல்லது 'ஆனால்' என்று தொடங்க வேண்டும்.

அறிவிப்பு வருகிறது. அதனால் சரோஜா அண்ணனைத் தானே தேடிப் போவது என்று முடிவு செய்கிறாள். ஆனால் தேடக் கையில் இருப்பது ஒரு பழைய படமும் ஜோகூரில் ஒரு தோட்டத்தின் பெயரும்தான். அதனால் மகனிடம் உதவி கேட்க வேண்டியிருக்கிறது. ஆனால் மாமாவைப் பற்றி இதுவரை மகனிடம் சொன்னதெல்லாம் பொய். அதனால் சண்டையின் உண்மைக் காரணம் வீட்டுக்குள் வருகிறது.

எழுதியதை வாய்விட்டுப் படியுங்கள். தொடர்ந்து மூன்று இடத்தில் 'அப்புறம்' வந்தால் கதை அங்கே தளர்ந்திருக்கிறது என்று பொருள். ஒரு தம்பி கொண்டுவந்த திட்டத்தில் இப்படி இருந்தது: 'அப்புறம் மகளுக்குக் கல்யாணம். அப்புறம் தைப்பூசம். அப்புறம் அப்பாவுக்கு உடம்பு சரியில்லை.' மூன்றும் நல்ல காட்சிகள். ஒன்று இன்னொன்றைப் பெற்றெடுக்கவில்லை, அதுதான் சிக்கல்.

தைப்பூசத்தை எடுத்துவிடச் சொல்லவில்லை. திருவிழா என்பதற்காக மட்டும் அது வரக்கூடாது, அவ்வளவுதான். அண்ணன் கிடைத்தால் பால்குடம் எடுப்பதாகச் சரோஜா வேண்டிக்கொள்கிறாள். அதனால், அவர் கிடைக்காமலேயே, சிராங்கூன் ரோடு பெருமாள் கோயிலிலிருந்து டேங்க் ரோடு தண்டாயுதபாணி கோயில் வரை நடக்கிறாள். ஏன் நடந்தாய் என்று மகன் கேட்கிறான். இப்போது தைப்பூசம் கதைக்குள் வேலை செய்கிறது.

தற்செயல் நிகழ்ச்சிகளைப் பற்றியும் இங்கே ஒன்று சொல்ல வேண்டும். தற்செயலாகத் தொல்லை வந்தால் வாசகர் ஏற்றுக்கொள்வார். தற்செயலாகத் தொல்லை தீர்ந்தால் ஏற்கமாட்டார். தேக்கா மார்க்கெட்டில் அண்ணன் எதிரே வந்து நிற்பதுபோல் ஒரு திருப்பம் வைத்திருந்தால், அதை அடித்துவிட்டு அவளே தேடிக் கண்டுபிடிக்கும்படி மாற்றுங்கள்.

திருப்பங்களை எழுதும்போது ஒரு வசனமோ காட்சியோ கொதித்துக்கொண்டு மேலே வந்தால் திட்டத்தை மூடிவிட்டு அந்தக் காட்சியை உடனே எழுதுங்கள். மறுநாள் திட்டத்துக்குத் திரும்பலாம். அந்தச் சூடு மறுநாள் இருக்காது.

6. நாள்காட்டியில் பொருத்துதல்

ஆறு திருப்பங்களுக்கும் மாதமும் ஆண்டும் குறித்துவிடுங்கள். சிங்கப்பூர் போன்ற ஊரில் இதைத் தவறவிடவே கூடாது. பத்து வருடத்தில் தெருவே மாறிவிடும் ஊர் இது. வாசகர்களில் பாதிப்பேர் அங்கே குடியிருந்தவர்களாக இருப்பார்கள்.

டாங்ளின் ஹால்ட்டுக்கு அந்தப் பெயர் வந்ததே ரயில் பாதையால். 2014இல் கடிதத்தைப் படிக்கும் சரோஜாவுக்கு ஜன்னல் வழியே ரயில் சத்தம் கேட்டது என்று எழுதினால் தவறு. தஞ்சோங் பகார் நிலையத்திலிருந்து கடைசி ரயில் 2011 ஜூன் 30 இரவு கிளம்பிவிட்டது. அதன் பிறகு அந்தப் பாதையில் ரயில் இல்லை. ஆனால் இந்தத் தேதி தெரிந்ததும் கதைக்குப் புதிதாக ஒன்று கிடைக்கிறது: மூன்று வருடமாக ரயில் சத்தம் இல்லாத வீடு. அண்ணன் அந்த ரயிலில்தான் போனார் என்றால்?

செர்ஸில் அறிவிப்புக்கும் காலி செய்வதற்கும் நடுவே பல ஆண்டுகள் இருக்கும். மாற்று வீடு கட்டி முடிய வேண்டும் அல்லவா? கெடு அவ்வளவு தள்ளி இருந்தால் கதையின் இறுக்கம் குறையும். புது வீட்டைத் தேர்ந்தெடுக்கும் நாள், பக்கத்து வீட்டார் கிளம்பும் நாள் என்று சின்னக் கெடுக்களை நடுவே வையுங்கள். கதை 2020 வரை நீண்டால் ஏப்ரல் 7 முதல் ஜூன் 1 வரை சர்க்கியூட் பிரேக்கர், அதாவது கொவிட் முடக்கக் காலம். அந்த எட்டு வாரத்தில் யாரும் யார் வீட்டுக்கும் சாதாரணமாகப் போய்வர முடியாது. கூட்டமாகத் தீபாராதனையோ விருந்தோ வைத்துவிடாதீர்கள்.

தேதி சரிபார்க்க, தேசிய நூலக வாரியத்தின் நியூஸ்பேப்பர்எஸ்ஜி தளத்தில் தமிழ் முரசின் பழைய இதழ்களைத் தேடலாம். விக்டோரியா ஸ்ட்ரீட் நூலகத்தில் உட்கார்ந்து பார்ப்பது இன்னும் வசதி. இதற்கு இரண்டு சனிக்கிழமை என்று எல்லை வைத்துக்கொள்ளுங்கள். தகவல் தேடுவது எழுதுவதுபோலவே தோன்றும். அதிலேயே ஒரு வருடம் போனவர்களை எனக்குத் தெரியும்.

7. அட்டைகள்: அடுத்த ஐந்து காட்சிகளுக்கு மட்டும்

முதல் திருப்பத்திலிருந்து இரண்டாவது திருப்பத்துக்குப் போக என்னென்ன காட்சி வேண்டும்? ஐந்து அட்டைகள் எழுதுங்கள். ஆறாவதை எழுதாதீர்கள். மீதிக் கட்டு மேசை இழுப்பறையில் இருக்கட்டும்.

ஒவ்வொரு அட்டையிலும், காட்சிக்குள் வருபவர் எதை எதிர்பார்த்து வருகிறார், வெளியேறும்போது என்ன மாறியிருக்கிறது என்று எழுதி, கீழே உங்களுக்கே விடை தெரியாத ஒரு கேள்வியை எழுதுங்கள்.

ஒரு மாதிரி அட்டை: 'மகன் அம்மாவிடம் கையெழுத்து வாங்க வருகிறான். போகும்போது படிவம் வெறுமையாகவே இருக்கிறது, ஆனால் ஒரு பழைய படத்தைப் பார்த்துவிடுகிறான். கேள்வி: படத்தில் இருப்பவர் யாரென்று சரோஜா என்ன சொல்லிச் சமாளிக்கிறாள்?'

மறுநாள் உங்களை மேசைக்கு இழுப்பது இந்தக் கேள்விதான். விடையையும் அட்டையிலேயே எழுதிவிட்டவர்களின் காட்சிகளைப் படித்தால் தெரியும். அட்டையை விரித்து எழுதியதுபோல் இருக்கும், உயிர் இருக்காது.

ஐந்தும் முடிந்ததும் அடுத்த ஐந்து. இப்படி ஐந்தைந்தாகப் போவதால், மூன்றாவது காட்சியில் எதிர்பாராமல் ஒரு பாத்திரம் முளைத்தாலும் தூக்கி எறிய வேண்டியது இரண்டு அட்டை மட்டும். முப்பது அட்டை தயாராக இருந்தால், அவற்றைக் காப்பாற்ற அந்தப் பாத்திரத்தைக் கொன்றுவிடுவீர்கள்.

8. தினமும் எழுதும்போது

காட்சி முடிந்த இடத்தில் நிறுத்தாதீர்கள். நடுவில், அடுத்த வரி என்னவென்று தெரிந்திருக்கும்போதே நிறுத்துங்கள். பாசிர் ரிஸிலிருந்து ஜூரோங்குக்கு வேலைக்குப் போகும் ஒரு அக்கா எம்ஆர்டியில் கைப்பேசியில்தான் எழுதுகிறார். இறங்கும் நிறுத்தம் வந்ததும் வாக்கியத்தை அப்படியே விட்டுவிடுவார். மாலை திரும்பும்போது அந்தப் பாதி வாக்கியம் அவருக்காகக் காத்திருக்கும்.

தெரியாத தகவல் வந்தால் ஒரு கேள்விக்குறி போட்டுவிட்டுத் தாண்டுங்கள். 1979இல் பஸ் கட்டணம் எவ்வளவு என்று தேட எழுந்தால் அன்றைய எழுத்து முடிந்தது.

புதிய யோசனைகளுக்கு நோட்டின் கடைசிப் பக்கங்களை ஒதுக்குங்கள். 'மருமகள் பார்வையில் சொன்னால் என்ன?' என்பது போன்றவை. அங்கே எழுதி வைத்துவிட்டு இன்றைய காட்சிக்குத் திரும்பிவிடலாம். யோசனை பத்திரமாக இருக்கிறது என்று தெரிந்தால் மனம் அடங்கும்.

எழுதிய முதல் அத்தியாயத்தைத் திருத்த உட்காராதீர்கள். முடிவு தெரியாமல் முதல் அத்தியாயத்தைச் சரிசெய்ய முடியாது.

இன்னொன்றை நான் கெஞ்சிக் கேட்டுக்கொள்வேன். எழுதாத காட்சியை யாரிடமும் சொல்லாதீர்கள். காப்பிக்கடையில் நண்பரிடம் உணர்ச்சியோடு சொல்லி, அவர் கண் கலங்கிவிட்டால், அந்தக் காட்சி அங்கேயே முடிந்துவிட்டது. எழுதிய பிறகு எவ்வளவு வேண்டுமானாலும் சொல்லுங்கள்.

9. பத்தாயிரம் சொல்லுக்கு ஒருமுறை

திட்டம் போட்டவர் பலர் அதைத் திரும்பப் பார்ப்பதில்லை. கதை ஒரு பக்கம் போகும், திட்டம் இன்னொரு பக்கம் கிடக்கும். ஒரு கட்டத்தில், 'திட்டப்படி எழுதவில்லையே' என்ற குற்ற உணர்வில் கதையை இழுத்துக் கொண்டுவந்து பழைய தடத்தில் நிறுத்துவார்கள். அங்கேதான் வேகம் போகும்.

பத்தாயிரம் சொல் ஆனதும் ஒரு நாள் எழுதுவதை நிறுத்துங்கள். எழுதிய ஒவ்வோர் அத்தியாயத்துக்கும் ஒரு வரி எழுதுங்கள். எழுத நினைத்ததை விட்டுவிட்டு, தாளில் என்ன இருக்கிறதோ அதை எழுதுங்கள். இதையும் ஆறு திருப்பங்களையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். வித்தியாசம் வந்த இடத்தில் எழுதியதன் பக்கம் சாயுங்கள். மீதித் திருப்பங்களை அதற்கேற்ப மாற்றுங்கள், 'அதனால்', 'ஆனால்' சோதனையோடு.

ஒரு விதிவிலக்கு உண்டு. மூன்றாவது படியில் எழுதிய பத்தி இன்னும் பொருந்துகிறதா என்று பாருங்கள். சரோஜாவின் ஆசையே மாறிவிட்டது என்றால் நீங்கள் வேறு நாவலுக்குள் நுழைந்துவிட்டீர்கள். அப்போது ஒரு வாரம் எடுத்துக்கொண்டு எந்த நாவல் வேண்டும் என்று முடிவு செய்யுங்கள். பழைய திட்டத்தைக் கிழிக்க வேண்டாம்; தேதி போட்டு வையுங்கள்.

10. நின்றுபோனால்

மூன்று நாள் எழுத முடியவில்லை என்றால் முதலில் இரண்டு காட்சி பின்னால் போய்ப் பாருங்கள். தடை பெரும்பாலும் இப்போது எழுதும் காட்சியில் இருப்பதில்லை. முன்னால் எங்கோ ஒரு பாத்திரம், தான் செய்ய மாட்டாததை நமக்காகச் செய்திருக்கும். சரோஜா மகனிடம் சுலபமாக உண்மையைச் சொல்லிவிட்டாள் என்று வையுங்கள். அதற்குப் பிறகு அவளுக்கு மறைக்க ஒன்றுமில்லை, உங்களுக்கு எழுதவும் ஒன்றுமில்லை. அந்தக் காட்சியைத் திருப்பி எழுதினால் தடை விலகும்.

பின்னால் சரியாக இருந்தால் அட்டையைப் பாருங்கள். கேள்விக்கு விடை உங்களுக்கு முன்பே தெரிந்துவிட்டதா? வேறு கேள்வி எழுதுங்கள். அதுவும் சரி என்றால், வரிசையை விட்டுவிட்டு உங்களுக்கு எழுத ஆசையாக இருக்கும் ஒரு பின்காட்சிக்குத் தாவி எழுதுங்கள். கடைசிக் காட்சியை மட்டும் தொடாதீர்கள்.

சில சமயம் காரணம் வெறும் அசதிதான். இரவு ஷிப்ட் முடித்து வந்தவர் தூங்கட்டும்.

11. முதல் வரைவு முடிந்ததும்

மூன்று வாரம் கையெழுத்துப் படியை மூடி வையுங்கள். பிறகு முழுவதையும் அச்செடுத்துப் படித்துக்கொண்டே, எழுதியதை வைத்துக் காட்சிக்கு ஓர் அட்டை எழுதுங்கள். இப்போதுதான் எல்லாக் காட்சிக்கும் அட்டை. தரையில் வரிசையாகப் பரப்புங்கள். இரண்டறை வீட்டின் கூடத்துக்கு ஐம்பது அட்டை அடங்கும், பிள்ளைகள் பள்ளிக்குப் போன நேரமாக இருந்தால் நல்லது.

முன்காட்சியோடு 'அதனால்', 'ஆனால்' என்று சேராத அட்டைகளைத் திருப்பி வையுங்கள். அவற்றில் ஒன்றையாவது விடவே மனம் வராது. எந்தக் காட்சி அதைப் பெற்றெடுக்க முடியும் என்று பார்த்து இடம் மாற்றுங்கள். மீதியை எடுத்து ரப்பர் பேண்ட் போட்டுத் தனியாக வைத்துவிட்டு, போட்ட கேள்விக்குறிகளை ஒவ்வொன்றாகத் தேடி நிரப்பத் தொடங்குங்கள்.